கையில் சுடும் இரும்பு, இறக்க இடம் எங்கே? வெளியில் கிரில் போடத் தொடங்குபவர்களுக்கு

கிரில் வாங்கிய புதிதில் நடந்தது இது. கரி குறைந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் போடலாம் என்று இடுக்கியால் கம்பித்தட்டைத் தூக்கிவிட்டேன். தூக்கிய பிறகுதான் யோசனை வந்தது: இதை எங்கே வைப்பது? இடது பக்கம் காய்ந்த புல். வலது பக்கம் பிளாஸ்டிக் மேசை, அதன்மேல் காகிதக் குவளைகள். பின்னால் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இடுக்கியின் வாயிலிருந்து தட்டு மெல்ல மெல்ல நழுவுகிறது. வேறு வழியில்லாமல் மேசை ஓரத்தில் வைத்தேன். மேசை இளகி, கம்பிகள் வரி வரியாக உள்ளே இறங்கின. பிய்த்து எடுத்தபோது உருகிய பிளாஸ்டிக் நூல் நூலாகக் கூடவே வந்தது. மேசையும் போயிற்று, தட்டும் போயிற்று.

நெருப்பை எப்படி மூட்டுவது, இறைச்சியை எப்போது திருப்புவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். சூடான மூடியையும் தட்டையும் எங்கே இறக்குவது என்பதைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் எனக்குப் பட்ட சூடுகளில் நேராக நெருப்பில் பட்டது ஒன்றுகூட இல்லை. எல்லாமே நெருப்பிலிருந்து எடுத்து வெளியே வைத்த பொருள்கள் சுட்டவைதான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயம் பற்றித்தான்: வைக்க இடம் பார்த்துவிட்டுத் தூக்குவது.

சுடும் இரும்பு சொல்லிவிட்டுச் சுடாது

இரும்பு சூடானால் சிவக்கும் என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. உண்மைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி மங்கலாகச் சிவக்கவே சுமார் 525 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதுவும் இருட்டில்தான் தெரியும். இன்னொரு பக்கம், 70 டிகிரியில் இருக்கும் வெறும் உலோகத்தை ஒரு நொடி தொட்டாலே தோல் புண்ணாகிவிடும். 70-க்கும் 525-க்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். அந்த இடைவெளி முழுவதும் இரும்பு ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். சமைக்கும்போது கம்பித்தட்டு 200 முதல் 300 டிகிரி வரை இருக்கும். கடையிலிருந்து வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ, பார்வைக்கு அப்படியேதான் இருக்கும்.

வைக்கும் இடத்துக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு. பாலித்தீன் 105 முதல் 135 டிகிரிக்குள் உருகிவிடும். வார்ப்பு நாற்காலி, மேசைகளில் அதிகம் வரும் பாலிபுரோப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகும். மரம் 250 முதல் 300 டிகிரிக்குள் கருகி, பொறி கிடைத்தால் பற்றவும் செய்யும். கங்கு நிறைந்த கரியின் சூடு 700 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வீட்டுக்குள் சூடான பாத்திரத்துக்கு அடியில் போடும் கயிற்றுப் பிரிமணையை இங்கே கொண்டுவந்து போட்டால் அதுவே விறகாகிவிடும்.

நெருப்பு மூட்டும் முன்: ஓர் இறக்குமிடம்

முதலில் கணக்கு எடுங்கள். இன்று நெருப்பிலிருந்து வெளியே வரப்போகும் பொருள்கள் என்னென்ன? மூடி, கம்பித்தட்டு, கரி பற்றவைக்கும் சிம்னி என்ற தகரக் குழாய், வார்ப்பிரும்புக் கல், சொருகு கம்பிகள், இடுக்கி, கொழுப்பு வடியும் தட்டு. ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று இப்போதே முடிவாகட்டும். ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால் நெருப்பு மூட்ட வேண்டாம்.

அடுத்தது இடம். கிரில்லிலிருந்து ஓரெட்டு எடுத்துவைத்தால் எட்டிவிடும் தூரத்தில் இருக்க வேண்டும். சூடான பொருளோடு முழுக்கத் திரும்பி நடக்க வேண்டியிருந்தால் அது தப்பான இடம். ஆட்கள் போய்வரும் பாதையில் வரக்கூடாது. புகையும் பொறியும் அடிக்கும் பக்கத்திலும் வரக்கூடாது, அங்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு குத்துமதிப்பாகத்தான் வைப்பீர்கள். கிரில்லையும் இறக்குமிடத்தையும் சேர்த்துச் சுற்றி 3 அடி வரை பிள்ளைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் இடமில்லை. தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது.

அடித்தளத்துக்கு என் சிபாரிசு ரொம்பச் சாதாரணமானது: நன்றாகக் காய்ந்த நாலு செங்கல், அதன்மேல் விளிம்பு உள்ள கனமான இரும்புத் தட்டு ஒன்று. செங்கல்லை இடைவெளி விட்டு வைத்தால் தட்டுக்கு அடியில் காற்று ஓடும், சூடு தரைக்கு இறங்காது. விளிம்பு இருப்பதால் உருண்டு வரும் கம்பியும் சொட்டும் கொழுப்பும் உள்ளேயே நிற்கும். பக்கத்தில் ஓர் இரும்பு வாளியில் காய்ந்த மணல். சொருகு கம்பிகளைக் குத்தி நிறுத்தவும் அதே மணல், கங்கு கீழே விழுந்தால் அள்ளிப் போடவும் அதே மணல்.

"காய்ந்த" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரமான செங்கல், ஆற்றுக்கல், கான்கிரீட் எல்லாவற்றிலும் துளைகளுக்குள் தண்ணீர் நிற்கும். அது நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் கல்லை உடைத்துக்கொண்டு வரும், சில்லுகள் முகம் வரைக்கும் தெறிக்கும். பார்க்கக் காய்ந்திருக்கிற கான்கிரீட் தரைக்கும் இது பொருந்தும். அதன்மேல் சிம்னியை நேராக வைத்தால் வட்டமாக மேல்பூச்சு பெயர்வது இதனால்தான்.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. மரப்பலகைத் தளம் கூடாது. தளத்தின் மேல் விரிக்கும் தீத்தடுப்பு விரிப்பு, பொறியையும் கொழுப்புச் சொட்டையும் தாங்கத்தான், கொதிக்கும் சிம்னியைத் தாங்க அல்ல. கண்ணாடி மேசை கூடவே கூடாது, ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் மொத்தமும் சுக்குநூறாகும். புல் பச்சையாக இருந்தாலும் அடியில் காய்ந்த சருகு கிடக்கும், நீங்கள் நகர்ந்த பிறகு மெதுவாகப் புகையத் தொடங்கும். கிரில்லோடு வரும் பக்கத்தட்டு எஃகாக இருந்தால் இடுக்கி, சின்னக் கரண்டி வரை சரி. பிளாஸ்டிக்காக இருந்தால் அது சாஸ் பாட்டில் வைக்கத்தான்.

சாஸ் பாட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. இறக்குமிடத்துக்கு முதல் எதிரி நாமேதான். காலியாக ஒரு தட்டு இருந்தால் அதன்மேல் எதையாவது வைக்கக் கை பரபரக்கும். போன், துண்டு, கத்தி, யாரோ குடித்துவிட்டு வைத்த குவளை. சூட்டோடு வந்து நிற்கும்போது இடம் நிறைந்திருக்கும். இதற்கு ஒரே வழி, சூடு இல்லாத பொருள்களுக்கு வேறு ஒரு மேசையை நல்ல தூரத்தில் போடுவது. சமைக்காத இறைச்சித் தட்டும் அந்த மேசைக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒத்திகை. சிரிக்காதீர்கள். நெருப்பு மூட்டும் முன்பே கையுறை போட்டுக்கொண்டு மூடியை எடுத்து மாட்டுங்கள், கம்பித்தட்டைத் தூக்கித் தட்டில் வையுங்கள், கல்லைத் தூக்கிப் பாருங்கள். எந்தப் பிடி கைக்கு வசமில்லை, எது ஒரு கையால் முடியாது, எங்கே முழங்கை இடிக்கிறது என்பதெல்லாம் ஆறிப்போன இரும்பிலேயே தெரிந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை.

கையுறையும் பிடிதுணியும்

ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால், மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வரும் தோல் கையுறை வாங்குங்கள். சிலிக்கான் கையுறை கொழுப்பு வழுக்காமல் பிடிக்க நல்லது, ஆனால் அது தாங்கும் சூட்டுக்கு எல்லை உண்டு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். கங்கை அள்ளவோ, கரிக்கு நேர்மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவோ அது ஆகாது. எந்தக் கையுறையும் சூட்டைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. பிடித்த சில நொடிகளில் உள்ளே கதகதப்பாகத் தெரிந்தால் உடனே இறக்கிவிட வேண்டும் என்று அர்த்தம்.

ஈரத் துணி விஷயத்தில் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. துணியை நனைத்துப் பிடித்தால் சூடு தெரியாது என்று நினைப்பார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். காய்ந்த துணி கையைக் காப்பாற்றுவதே அதன் இழைகளுக்குள் சிக்கியிருக்கும் காற்றால்தான். தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். துணி நனைந்ததும் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்கிறது, இரும்பின் சூடு நேராகக் கைக்கு வருகிறது. அதோடு விடாது, அந்தத் தண்ணீர் நீராவியாகி விரல்களுக்கு நடுவே புகுந்து அவித்துவிடும். கையுறை வியர்வையில் நனைந்திருந்தாலும் இதே கதைதான். பக்கத்தில் இன்னொரு காய்ந்த ஜோடி இருக்கட்டும்.

உடையில் இரண்டே விஷயம். தொங்கும் சட்டைக்கை, முந்தானை, துப்பட்டா எதுவும் வேண்டாம். காலை மூடும் செருப்பு அவசியம். கங்கு விழுந்தால் வழக்கமாகப் போய்ச் சேருகிற இடம் பாதம்தான்.

தூக்கும்போது

இறக்குமிடத்தை ஒருமுறை பாருங்கள், காலியா? போகும் வழியைப் பாருங்கள், யாராவது நிற்கிறார்களா? "சூடு வருது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பெரிய சமையலறைகளில் வேலை செய்பவர்கள் வெட்கப்படாமல் இதைச் சொல்வார்கள், நாமும் சொல்லலாம். அப்புறம் தூக்குங்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றாமல், உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, ஒரே மூச்சில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். நடுவில் நின்று பேச்சு வேண்டாம். வைத்த பிறகு கையை உடனே எடுக்காமல், அது ஆடாமல் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு விடுங்கள். பிடி பாதையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

தூக்கும் நேரத்தில் நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். விழட்டும். காலை எடுத்துக்கொண்டு பின்னால் நகருங்கள். விழும் பொருளைப் பாய்ந்து பிடிப்பது நம் கைக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம், அதை அடக்குவதற்கும் ஒத்திகை உதவும்.

ஒவ்வொன்றாக

சிம்னிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 15, 20 நிமிஷம் தன் வயிற்றுக்குள் கங்கை வைத்திருந்த தகரக் குழாய் அது. மூட்டும்போது அதை கிரில்லின் அடிக்கம்பி மேலேயே வைத்து மூட்டுவது நல்லது, தரையில் வைத்துவிட்டு அப்புறம் கங்கோடு தூக்கிவரும் வேலை மிச்சம். கரியைக் கொட்டும்போது ஒரு கை பிரதான பிடியிலும் மறு கை துணைப் பிடியிலும் இருக்கட்டும், முகம் தள்ளியிருக்கட்டும். மெதுவாகச் சாய்த்துக் கொட்டுங்கள், கவிழ்த்தால் பொறி பறக்கும். கொட்டி முடித்தாலும் சிம்னியின் அடிக்கம்பியில் ஓரிரண்டு சின்னக் கங்குகள் சிக்கியிருக்கும். புதியவர்கள் விடுவது இதைத்தான். கிரில்லுக்கு மேலேயே பிடித்து இரண்டு தட்டு தட்டிவிட்டு, செங்கல் மேல் நிமிர்த்தி வையுங்கள். வேலை முடிந்துவிட்டது என்று மனம் அதை மறந்துவிடும், ஆனால் அப்போதுதான் அது உச்ச சூட்டில் இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு அதைத் தொட நினைக்காதீர்கள். மின்சாரத்தில் கரி மூட்டும் கம்பிச்சுருளுக்கும் இதே விதிதான், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சுருள் வெகுநேரம் சுடும்.

மூடிக்கு வருவோம். 1952-இல் சிகாகோவில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், தண்ணீரில் மிதக்கவிடும் போயாவுக்கான அரைக்கோளங்களைக் கொண்டு மூடிபோட்ட உருண்டை கிரில்லை உருவாக்கினார். கெட்டில் கிரில் என்று இன்று உலகம் முழுக்க விற்பது அந்த வடிவம்தான். காற்றும் மழையும் நெருப்பைக் கெடுக்காமல் இருக்க மூடி வந்தது, மூடியை எங்கே வைப்பது என்ற தலைவலியும் கூடவே வந்தது. பல மூடிகளின் உட்புறத்தில் ஒரு கொக்கி இருக்கும். அது அழகுக்கு அல்ல, கிரில்லின் விளிம்பில் மாட்டத்தான். கொக்கி இல்லாவிட்டால் மூடியின் விளிம்பு கீழே படும்படி இறக்குமிடத்தில் வையுங்கள். மல்லாக்கப் போட்டால் தொட்டில் மாதிரி ஆடும், உட்புறம் தேங்கிய கொதிநீரும் கொழுப்பும் கொட்டும். திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கம் முதலில் திறக்கும்படி சாய்த்தால் ஆவி முகத்தில் அடிக்காது.

கம்பித்தட்டைப் பற்றி என் அனுபவத்தை மேலே சொல்லிவிட்டேன். ஒற்றை இடுக்கியால் முழுத்தட்டைத் தூக்காதீர்கள், சாய்ந்துவிடும். இரண்டு கையுறைக் கைகளால் எதிரெதிர் ஓரத்தைப் பிடியுங்கள், அல்லது அதற்கென்றே உள்ள தூக்கியைப் பயன்படுத்துங்கள். சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டாம், படுக்கவைக்க வேண்டும். கரி போடுவதற்காக மட்டுமே தூக்குகிறீர்கள் என்றால், ஓரம் மட்டும் மடக்கித் திறக்கும் தட்டு கிடைக்கிறது. அடுத்த முறை வாங்கும்போது அதை வாங்கினால் இந்த வேலையே இல்லை.

வார்ப்பிரும்புக் கல்லும் சட்டியும் கனம், பிடியும் வார்ப்பிரும்பு என்பதால் அதுவும் கல்லைப் போலவே சுடும். சூட்டை வெகுநேரம் வைத்துக்கொள்ளும். அதன்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும், ஈரத்தட்டில் இறக்கினாலும் விரிசல் விடலாம். உண்மையைச் சொன்னால், இதை இறக்கவே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. உணவை மட்டும் எடுத்துவிட்டுக் கல்லை கிரில் மேலேயே விட்டுவிடுங்கள். நெருப்போடு சேர்ந்து அதுவும் ஆறட்டும். ரொட்டி சுடும் தட்டைக்கல்லுக்கும் அப்படியே.

சொருகு கம்பியில் ஏமாற்றுவது அதன் வளையப் பிடி. நெருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ஆறியிருக்கும் என்று தோன்றும். துருப்பிடிக்காத எஃகு சூட்டை மெதுவாகக் கடத்தும், அலுமினியம் வெகுவேகமாகக் கடத்தும். எதுவாக இருந்தாலும் மூடி போட்டுச் சமைத்திருந்தால் வளையமும் சுடும். எல்லா முனைகளும் ஒரே திசையில் இருக்கும்படி தட்டில் அடுக்குங்கள். கம்பியோடு யாருக்கும் பரிமாறாதீர்கள், முள்கரண்டியால் தள்ளி உணவை மட்டும் கொடுங்கள். காலிக் கம்பி மணலுக்குப் போகட்டும்.

கொழுப்பு வடியும் தட்டை, கொழுப்பு திரவமாக இருக்கும்வரை அசைக்கவே கூடாது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாது. இறைச்சியில் குத்தும் வெப்பமானியின் ஊசியைக்கூடச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. சின்னதாக இருந்தால் சுடாது என்று எந்த விதியும் இல்லை.

ஆறிவிட்டதா என்று பார்க்க

இறக்குமிடத்தில் இருக்கும் எதுவும் சூடுதான். எவ்வளவு நேரமாயிற்று என்ற கேள்வியே வேண்டாம், கையுறையோடுதான் எடுக்க வேண்டும். இந்த ஒரு விதியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

கழுவ எடுக்கும் நேரத்தில் சோதித்துப் பார்க்கலாம். முதலில் புறங்கையை நாலு விரல் உயரத்தில் காட்டுங்கள், தொடாமல். அனல் தெரிந்தால் இன்னும் பொறுங்கள். தெரியாவிட்டால், எண்ணெய் இல்லாத இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உஸ்ஸென்று ஆவியானால் 100 டிகிரிக்கு மேல் இருக்கிறது. சத்தமே போடாமல் சொட்டு முத்து மாதிரி உருண்டு ஓடினால், அது ஆறியதன் அடையாளம் இல்லை, அதைவிடப் பல மடங்கு மோசம். ஏறக்குறைய 200 டிகிரியும் அதற்கு மேலும் போனால், சொட்டுக்கு அடியில் ஆவிப்படலம் ஒன்று உருவாகி அதைத் தூக்கிப் பிடிக்கும். சொட்டு அப்படியே கிடந்தாலும் நம்பிவிடாதீர்கள், 70 டிகிரி இரும்பும் அப்படித்தான் பேசாமல் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் எஃகில் நம்ப வேண்டாம். பளபளப்பான பரப்பு தன் சூட்டைக் குறைவாகவே உமிழும், கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

சுட்டுவிட்டால்

உடனே குழாய்த் தண்ணீர். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். எரிச்சல் அடங்கிவிட்டதென்று 2 நிமிஷத்தில் எடுத்துவிடாதீர்கள், தோலுக்கு அடியில் சூடு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம். ஐஸ், வெண்ணெய், பற்பசை, எண்ணெய் எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. சுத்தமான ஒட்டும் பிளாஸ்டிக் தாளை மேலே மெதுவாக விரித்து மூடுங்கள். காயம் அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரியதாக இருந்தாலோ, முகத்தில் அல்லது மூட்டில் இருந்தாலோ, தோல் வெளுத்தோ கருகியோ போயிருந்தாலோ, அடிபட்டது குழந்தையாக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு

நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? மேலே வெள்ளைச் சாம்பல், உள்ளே கங்கு. கிரில்லின் காற்றுத் துளைகளை அடைத்து, மூடியைப் போட்டு, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். சாம்பல் தட்டை அன்றைக்கே குப்பைத்தொட்டியில் கவிழ்ப்பதும், காகிதப் பையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கொட்டிச் சுவரோரம் வைப்பதும்தான் நடுராத்திரியில் தீயாகக் கிளம்புகிறது. சாம்பலுக்குள் கரி ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மறுநாள் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தாலும், புறங்கைக்கு லேசாக அனல் தட்டினாலும், மூடியுள்ள இரும்பு வாளிக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளறி, வாளியை வீட்டிலிருந்து தள்ளி அதே செங்கல் மேல் இன்னொரு நாள் வைத்திருங்கள்.